காலநிலை மாற்றத்தைத் தாங்கும் காடு: அரசுக் காடுகளில் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மலையடிவாரக் காப்புக்காட்டின் ஓரத்தில் நாங்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரே நாளில் நானூறு நாற்று நட்டோம். அடுத்த மாசியில் போய்ப் பார்த்தால் அந்தச் சரிவு முழுக்கக் கரி. நாங்கள் நட்டது போனதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. பக்கத்திலேயே யாரும் நடாமல் முளைத்து, இடுப்பளவு வளர்ந்திருந்த நெல்லியும் வேங்கையும் சேர்ந்து போயிருந்தன. நடுவதற்குச் செலவழித்த பணத்தில் ஒரு பங்கைத் தீக்கோட்டுக்கு, அதாவது தீ தாண்டாதபடி புல்லைச் செதுக்கி விடும் வெற்றுப் பட்டைக்கு, கொடுத்திருந்தால் அவை இன்று மரங்கள்.

காலநிலை மாற்றத்துக்காகக் காட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் அன்றிலிருந்து ஒரே வரிசையைத்தான் சொல்கிறேன். முதலில், இருக்கும் காட்டில் சேர்ந்திருக்கும் கார்பனைக் காப்பாற்றுங்கள். அப்புறம் தீ, அப்புறம் அந்நியச் செடிகள், அப்புறம் தண்ணீர். நாற்று கடைசியில். தமிழ்நாட்டில் பதிவேட்டின்படி 22,800 சதுர கி.மீ.க்கு மேல் காடு இருக்கிறது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது, மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது இலக்கு என்று அறிவித்தார்கள். நல்ல இலக்குதான். ஆனால் அந்தச் சதவீதத்துக்குள் என்ன காடு நிற்கிறது, அது அடுத்த வறட்சியைத் தாண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

கிராம வனக் குழுவில் இருப்பவர்கள், தன்னார்வலர்கள், புதிதாக வேலைக்கு வந்த வனக் காப்பாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதும், தீ மூட்டுவதும், செடி வெட்டுவதும் சட்டப்படி குற்றம். களை பிடுங்குவதாக இருந்தாலும் மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். புலிகள் காப்பகம் என்றால் கட்டுப்பாடு இன்னும் கூடும். ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பத்தாண்டுத் திட்ட ஆவணம் ஒன்று உண்டு, துறைக்குள் 'வொர்க்கிங் பிளான்' என்றே சொல்வார்கள். உங்கள் பகுதிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வனச்சரகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் வராது. எனவே உங்கள் யோசனையை அடுத்த திட்டத்துக்குள் கொண்டுபோவதும் வேலையில் ஒரு பகுதிதான்.

படி 1: எந்தக் காடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நாள் முழுக்க நடங்கள். கூடவே அந்தக் காட்டில் ஆடு மேய்த்த, தேன் எடுத்த, விறகு பொறுக்கிய பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். முப்பது வருடத்துக்கு முன் இங்கே என்ன இருந்தது, எந்த ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் ஓடியது, எந்தச் செடி புதிதாக வந்தது என்று கேளுங்கள். பழைய செயற்கைக்கோள் படங்கள் 1970-களிலிருந்து கிடைக்கின்றன. இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீலகிரியிலும் பழனி மலையிலும் நடந்த பெரிய தவறு இந்தப் படியில் நடந்ததுதான். மேல்மலையின் இயற்கை நிலை, மடிப்புகளில் சோலைக்காடும் முகடுகளில் புல்வெளியும். புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதிவைத்து, ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்பும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) பைனும் நட்டார்கள். பழனி மலையில் 1970-களில் இருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்று இல்லை. வரையாடு மேய்வது அந்தப் புல்வெளியில்தான். குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். மழையைப் பிடித்துவைத்து, கோடையில் பவானிக்கும் பைக்காராவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும் அந்தப் புல்வெளியும் அதை ஒட்டிய சோலையும்தான். புல்வெளியின் கார்பனில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பதால், மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

புல்வெளியில் மரம் நடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

படி 2: கையில் இருப்பதை அளந்து பாருங்கள்

துல்லியமான கணக்கு துறையின் வேலை. ஆனாலும் நீங்களே ஒருமுறை அளந்து பார்த்தால், நிற்கும் மரத்தின் மேல் உங்களுக்கு வரும் மரியாதையே வேறு. ஒரு பக்கம் 31.62 மீட்டர் உள்ள சதுரம் ஒன்றைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள், அது 0.1 ஹெக்டேர். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி எடுங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அடியில் விழுதோ முட்டுவேரோ இருந்தால் அதற்கு மேலே அளந்து, எவ்வளவு மேலே என்று குறித்துவையுங்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் இலையைப் படம் எடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.

இந்த அளவுகளை வைத்து மரங்களின் உலர் எடையைக் கணக்கிட, இன வாரியான சூத்திரங்கள் வனத்துறையிடமும் வனக் கல்லூரிகளிலும் இருக்கின்றன. ஒரு சதுரத்தில் 15 டன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 150 டன். அதில் 47 சதவீதம் கார்பன், அதாவது 70 டன் சொச்சம். அதை 3.67 ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கு கிடைக்கும், கிட்டத்தட்ட 259 டன். மண்ணில் இருப்பது இதில் சேராது. ஒரு ஹெக்டேரில் நடும் ஆயிரம் நாற்றுகள் இந்த அளவை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவும் எல்லாம் பிழைத்தால். எனவே பெரிய மரம் ஒன்று சாயாமல் பார்ப்பதுதான் உங்களால் இன்றைக்கே செய்ய முடிந்த காலநிலை வேலை.

நீண்ட காலம் அளப்பதில் என்ன கிடைக்கும் என்று பார்க்க முதுமலைக்குப் போகலாம். இந்திய அறிவியல் கழகம் 1988-இல் அங்கே 50 ஹெக்டேர் பரப்பைக் குறித்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இன்றுவரை பின்தொடர்கிறது. வறட்சியில் எது சாகிறது, தீயில் எது சாகிறது, யானை எதைச் சாய்க்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது.

படி 3: தீ

இலையுதிர் காட்டில் பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். பருவமழை தவறிய ஆண்டுகளில் அது முன்னதாகவே தொடங்கிவிடும். தீக்கோடு வெட்டும் வேலை ஜனவரிக்குள் முடிந்திருக்க வேண்டும். கூலிப் பணம் மார்ச்சில் வருகிறது, தீ பிப்ரவரியில் வருகிறது. நான் பார்த்த பல இடங்களில் சிக்கலே இதுதான். கிராம சபையிலும் குழுக் கூட்டத்திலும் நவம்பரிலேயே இதைப் பேசத் தொடங்குங்கள்.

கோட்டின் அகலத்தைப் புல்லின் உயரம் தீர்மானிக்கும். ஆளுயரப் புல் நிற்கும் இடத்தில் மூன்றடிக் கோடு வெட்டுவது வீண். மண் தெரியும்வரை செதுக்கி, வெட்டிய புல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளுங்கள். பலர் அதைக் கோட்டின் மேலேயே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அதுவே தீக்குப் பாலமாகிவிடும். சாலையோரம், கோயில் பாதை, மேய்ச்சல் தடம் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். ஏனென்றால் நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் நடக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. செல்போனைப் பதிவு செய்துகொண்டால் உங்கள் பகுதிக்கான தகவல் குறுஞ்செய்தியாக வரும். அதன் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம். ஆகவே செய்தி காட்டும் இடத்திலேயே தீ இருக்கும் என்று நம்பிப் போகாமல், எதிர்முகட்டிலிருந்து புகையைப் பாருங்கள்.

அணைக்கப் போகும்போது மறக்கக்கூடாத ஒன்று: தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அதற்கு மேலே ஒருபோதும் நிற்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் சரிவில் நடைப்பயணக் குழுவினர் தீக்குள் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயணைக்கப் பழகாத தன்னார்வலர்களைத் தீமுனைக்கு அனுப்ப வேண்டாம். தண்ணீர் கொண்டுபோவது, சாலையில் நின்று வழி சொல்வது, அணைந்த இடத்தில் புகையும் கட்டைகளைப் புரட்டிப் பார்ப்பது என்று பின்னால் நிறைய வேலை இருக்கிறது. புகையும் ஒரு கட்டையிலிருந்து மறுநாள் மதியக் காற்றில் மறுபடி பற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, தீயே வேண்டாமா? சோலையிலும் மழைக்காட்டிலும் வேண்டவே வேண்டாம். வறண்ட இலையுதிர் காட்டில் பதில் அவ்வளவு எளிதல்ல. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடிகள், முன்பு கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் சிறுதீ வைத்துவந்ததாகவும், அது தடைசெய்யப்பட்ட பிறகே உண்ணிச்செடி (லன்டானா) பெருகியதாகவும் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சேரும் சருகு ஒரு நாள் பெருந்தீயாகிறது என்பது உண்மை. இந்த அறிவைத் துறையின் மேற்பார்வையில், அதிகாலைப் பனி ஈரத்தில், சிறு பரப்பில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் யாரும் தனியாகத் தீக்குச்சியைக் கையில் எடுக்கக் கூடாது.

படி 4: அந்நியச் செடிகள்

தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் தொடர்ந்து உத்தரவுகள் போட்டது. உத்தரவு இருந்தும் வேலை கெடுவது முறை தெரியாததால்தான். ஒவ்வொரு செடிக்கும் முறை வேறு.

உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டினால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். பழம் பழுப்பதற்கு முன், மழையில் மண் இளகியிருக்கும்போது போங்கள். தண்டுகளை ஒதுக்கி, தூரில் மண்ணைச் சற்று விலக்கினால் தண்டும் வேரும் சேரும் முண்டு தெரியும். அதற்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. கீழே ஆணிவேரைக் கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ ஒரே வெட்டில் துண்டியுங்கள். தூரோடு வரும் செடியைத் தலைகீழாக, வேர் மேலே இருக்கும்படி வையுங்கள், மண்ணில் படாமல் காய்ந்துவிடும். முழு வேரையும் தோண்ட வேண்டியதில்லை. தோண்டினால் மண் கிளறப்பட்டு, அடியில் கிடக்கும் விதைகள் எல்லாம் முளைக்கும். பிடுங்கிய உடனே அந்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதை தூவுங்கள். வெறும் மண்ணாக விட்டால் உண்ணியே திரும்ப வரும். அப்புறம் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வந்து, பெரிய மரங்களின் அடியில் குறிப்பாகத் தேடுங்கள். பழம் தின்ற குருவிகள் உட்கார்ந்து எச்சமிடும் இடம் அதுதான்.

முதுமலைப் பக்கம் பரவியிருக்கும் மஞ்சள் கொன்றை (சென்னா ஸ்பெக்டாபிலிஸ், நம் சரக்கொன்றை அல்ல) இன்னும் பிடிவாதம். வெட்டினால் அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் கிளைக்கும். பெரிய மரம் என்றால் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்வரை பட்டையைச் சுற்றிலும் முழுசாக உரித்து, நின்றபடியே காயவிடுவது ஒரு முறை. ஒரு விரல் அகலப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மரம் பிழைத்துவிடும். கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். அகற்றும் மரத்தைக் காகிதக் கூழுக்குத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. அது செலவைக் குறைக்கிறது. ஆனால் மரம் வாங்க ஆள் இருக்கிறார் என்பதற்காக வேலையை வேகப்படுத்தாதீர்கள். அகற்றிய பரப்பை மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் அகற்றுங்கள்.

மேல்மலையில் சீகை மரம் தனிக் கதை. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு சரிவை மொத்தமாக வெட்டி வெயில் படவிட்டால் அத்தனையும் ஒரே பருவத்தில் முளைத்து, வெட்டியதைவிட அடர்த்தியாக நிற்கும். அதனால் புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்குங்கள், செலவும் குறைவு, பலனும் உடனே தெரியும். பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக வந்துகொண்டிருந்தால், கொடைக்கானல் பக்கம் இதைப் பார்க்கலாம், அந்தத் தோப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மரத்தை வெட்டினால் கார்பன் போகாதா என்று கேட்பார்கள். போகும். சில ஆண்டுகளுக்குக் கணக்கு குறையத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே இனத் தோப்பு வறட்சியிலும் தீயிலும் மொத்தமாகப் போகக்கூடியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கைக் காட்டையும் தேக்கு, யூகலிப்டஸ் தோப்புகளையும் ஒப்பிட்ட ஆய்வில், பல இன மரங்கள் உள்ள இயற்கைக் காடு வறட்சி ஆண்டுகளிலும் நிலையாகக் கார்பன் பிடிப்பது தெரிந்தது. நமக்கு வேண்டியது அந்த நிலைத்தன்மை.

படி 5: தண்ணீர்

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையை எந்தத் தடுப்பணையும் பிடிக்காது. புல்லும் சோலை மண்ணும் உறிஞ்சுவது போக மிச்சம்தான் ஓடையில் வரும். கீழ்மலையில் ஓடை அரிக்கும் இடங்களில், கிடைக்கும் கல்லை அடுக்கிச் சிறு தடைகள் வையுங்கள். மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள். சிமென்ட் அணை யானைத் தடத்தில் வரக் கூடாது.

தண்ணீரைச் சரிசெய்தாலே காடு திரும்பும் என்பதற்கு நான் காட்டும் இடம் பிச்சாவரம். அங்கே பல பத்தாண்டுகள் அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த கடல் நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறியது. அதில் என்ன நட்டாலும் சாகும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால் ஓடையோடு சேரும், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். அலை ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். வாய்க்காலின் கரை சரிவாக இருக்கும். கன்றை அடியிலும் வைக்காமல், உச்சியிலும் வைக்காமல், நடுச் சரிவில் நட்டார்கள். மூழ்கவும் செய்யாது, காயவும் செய்யாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பித்தது ஊருக்கே தெரியும்.

இந்த வாய்க்கால்களில் வண்டல் சேரும், தூர்வாரப் பணம் ஒதுக்கவில்லை என்றால் சில ஆண்டுகளில் பழைய நிலைதான். இன்னொன்று, கடல் மட்டம் உயரும்போது அலையாத்தி கரைப்பக்கம் நகர வேண்டும். அங்கே இறால் பண்ணையும் சுவரும் இருந்தால் அதற்குப் போக இடமில்லை. நிலத்தை இப்போதே காலியாக வைத்திருப்பதுதான் ஒரே வழி.

படி 6: இப்போது நாற்று

இதுவரை சொன்னதெல்லாம் செய்த பிறகு, இரண்டு மழைக்காலம் காத்திருங்கள். ஆடுமாடும் தீயும் வராமல் பார்த்துக்கொண்டால் பல இடங்களில் வேரிலிருந்தும் விதையிலிருந்தும் காடு தானே வரும். வராத இடத்தில் மட்டும் நடுங்கள்.

விதையை ஒரே தாய்மரத்தில் எடுக்காதீர்கள். தள்ளித் தள்ளி நிற்கும் இருபது மரங்களிலாவது சேகரியுங்கள். வெப்பம் கூடும் காலத்தில் எந்த மரத்தின் வாரிசு தாங்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது, அதனால் கலப்புதான் பாதுகாப்பு. அதே இனம் சற்று வறண்ட பக்கத்தில் வளர்கிறது என்றால் அங்கிருந்தும் கொஞ்சம் விதை சேர்த்துக்கொள்ளலாம். மழைக்காட்டு விதைகளும் சோலை விதைகளும் காய்ந்தால் உயிர் போய்விடும், சேகரித்த சில நாட்களிலேயே விதையுங்கள். பையில் வேர் சுருண்டிருந்தால் அந்த நாற்றைக் காட்டுக்கு எடுத்துப் போகவே வேண்டாம்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை, இயற்கைப் பாதுகாப்பில் இருக்கும் குழுவினர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளூர் இனங்களை வைத்து மீட்டு வருகிறார்கள். கருங்குங்கிலியம், நாங்கு என்று பல இனங்கள் கலந்து நடப்படுகின்றன. கருங்குங்கிலியத்தின் பழத்தை இருவாச்சி தின்று விதையை வேறு இடத்தில் போடும். பறவை வரத் தொடங்கினால் அடுத்த நடவை அதுவே செய்துவிடும். எனவே பழ மரங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும்.

படி 7: ஆட்களும் அடுத்த ஆண்டும்

மேலே சொன்ன எல்லா வேலையும் காட்டோரத்து மக்களின் கையில்தான் நடக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையை அங்கே வாழும் பழங்குடிகளுக்கும் பிற வனவாசிகளுக்கும் கொடுத்திருக்கிறது. கிராம சபையைக் கேட்காமல் எல்லை போட்டு வேலி கட்டினால், அந்த வேலியைக் காக்க ஒருவரும் வர மாட்டார்கள், வருத்தப்படவும் நமக்கு உரிமை இல்லை. தீக்காவலருக்குக் கூலி அந்தந்த மாதமே கிடைக்க வேண்டும், காலணியும் தண்ணீர்க் குடுவையும் காப்பீடும் கேட்டு வாங்குங்கள்.

காடு பிடித்துவைக்கும் கார்பனுக்குக் கிடைக்கும் கார்பன் சான்றை விற்றுப் பணம் பார்க்கலாம் என்று யாராவது வந்தால், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், காடு எரிந்தால் யார் பொறுப்பு, பங்கு யாருக்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

கடைசியாக, பதிவு. ஒவ்வொரு பகுதியிலும் நான்கு இடத்தில் கல் நட்டு வெள்ளையடித்து, அதன் மேல் நின்று நான்கு திசையிலும் படம் எடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதம், அதே கல். 31.62 மீட்டர் சதுரத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அளங்கள். பட்ஜெட் எழுதும்போது முதல் ஆண்டுக்குப் பாதியும், மீதியை இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்கும் தீக்கோட்டுக்கும் பிரித்து எழுதுங்கள். மூன்றாம் ஆண்டுப் பணம் இல்லாத திட்டத்தை ஏற்காதீர்கள், பரப்பைப் பாதியாகக் குறைத்துத் திரும்ப எழுதிக் கொடுங்கள்.